நடுக்குவாதம்: மரபும் மருந்தும் சேரும்போது

நெல்லில் குலைநோய் தாக்கும் விதத்தை விவசாயப் பெருமக்கள் நன்கறிவர். நோய்க்கு எளிதில் இலக்காகும் இரகத்துக்கு யூரியாவும் அதிகமாக இட்டு, இரவுப் பனியும் சேர்ந்துவிட்டால் பயிர் கருகிப்போகும். எதிர்ப்புத் திறனுள்ள இரகமோ பக்கத்து வயலிலேயே தப்பி நிற்கும். மனிதருக்கு வரும் நடுக்குவாதமும் (பார்க்கின்சன் நோய்) ஏறக்குறைய இத்தகையதே.

மூளையில் டோப்பமைன் என்னும் பொருளைச் சுரக்கும் உயிரணுக்கள் மடிவதால் இந்நோய் உண்டாகிறது. கை நடுக்கம், உடல் விறைப்பு, நடையில் மந்தம் ஆகியவை இதன் அறிகுறிகள். இதற்குக் காரணமான மரபணு மாற்றம் ஒன்று 1997-ல் இத்தாலிய, கிரேக்கக் குடும்பங்களில் கண்டறியப்பட்டது. எனினும், பெரும்பாலானோரிடம் ஒரே மரபணு நோயைத் தருவதில்லை. பல மரபணுக்களும் சுற்றுச்சூழலும் கூடியே அபாயத்தைக் கூட்டுகின்றன.

பாராகுவாட் களைக்கொல்லி இதற்கு ஓர் எடுத்துக்காட்டு. உடலில் நச்சின் தீமையைத் தணிக்க உதவும் மரபணுக்களுள் ஒன்று ஜி.எஸ்.டி.டி-1. இது சிலருக்குப் பிறவியிலேயே இருப்பதில்லை. அமெரிக்காவில் மருந்து தெளிப்போரிடையே நடந்து 2012-ல் வெளியான ஆய்வில், ஏறத்தாழ ஐந்தில் ஒருவருக்கு இது இல்லை. பாராகுவாட் பயன்படுத்திய ஆண்களில், இம்மரபணு உள்ளவர்களுக்கு நோய் அபாயம் சுமார் ஒன்றரை மடங்காகவும், இல்லாதவர்களுக்கு சுமார் 11 மடங்காகவும் காணப்பட்டது. சிறிய ஆய்வு என்பதால் இதை முடிந்த முடிவாகக் கொள்ளலாகாது. ஆயினும் எச்சரிக்கையாகக் கொள்ளலாம். பாராகுவாட்டை ஐரோப்பிய ஒன்றியம் 2007-லும், கேரளம் 2011-லும் தடை செய்தன.

வில்லியனூரிலும் பாகூரிலும் கைத்தெளிப்பானைச் சுமப்பவருக்குத் தம் மரபணு எப்படிப்பட்டது எனத் தெரியாது. "இத்தனை வருடமாக அடிக்கிறேன், எனக்கு ஒன்றும் ஆகவில்லை" என்பவரின் உடல் தாங்கியதை, உடன் தெளிப்பவரின் உடல் தாங்காமல் போகலாம். ஆகவே, அனைவரும் கடைப்பிடிக்க வேண்டியவை:

1. மருந்தைக் கையால் கலக்கக் கூடாது. கையுறை, முகக்கவசம், முழுக்கைச் சட்டை, காலணி அணிய வேண்டும்.

2. ஒழுகும் தெளிப்பானைப் பழுது பார்த்த பின்னரே தோளில் ஏற்ற வேண்டும். அடைத்த நாசிலை வாயால் ஊதக் கூடாது. காற்றுக்கு எதிராகத் தெளிக்கக் கூடாது.

3. கையில் காயம் இருப்பவர் தெளிக்கக் கூடாது. வேலை முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளித்து, உடைகளைத் தனியே துவைக்க வேண்டும்.

4. வரிசை நடவு செய்த வயலில் கோனோ களைக்கருவியை ஓட்டினால் களைக்கொல்லித் தேவை குறையும்.

பிறவியில் வந்த மரபணுவை மாற்ற இயலாது. மேலே படும் மருந்தைக் குறைப்பது நம் கையில் உள்ளது.