தனியார் கம்பியில்லா அகலக்கற்றை வலையமைப்புகளும் அலைக்கற்றை ஒழுங்காற்றலும்: உரிமப் பரப்பு குறித்த ஓர் ஆய்வு

அலைக்கற்றை என்னும் சொல் தமிழ் வாசகர் பலருக்கு அறிவியல் நூல்களின் வழியாக அறிமுகமாகவில்லை; நீதிமன்றச் செய்திகளின் வழியாகவே அறிமுகமாயிற்று. 2012 பிப்ரவரி 2ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் 122 உரிமங்களை இரத்துச் செய்தபோது, அச்சொல்லோடு ஏலம் என்னும் சொல்லும் பிரியாது ஒட்டிக்கொண்டது. அலைக்கற்றை என்றாலே பெருநிறுவனங்கள் பெருந்தொகை செலுத்திப் பெரும் நிலப்பரப்புக்குப் பெறும் உரிமை என்னும் எண்ணம் நிலைபெற்றுவிட்டது. ஒரு தொழிற்சாலையோ, துறைமுகமோ, பள்ளி நிருவாகமோ தன் எல்லைக்குள் மட்டும் பயன்படுத்தும் அலைக்கற்றையைத் தன் பெயரிலேயே பெறலாம் என்பது அவ்வெண்ணத்துக்குள் அடங்காதது. ஆயினும் கடந்த பத்தாண்டுகளில் பல நாடுகள் அதற்கு வழி செய்துள்ளன. அவ்வழிகளுள் அமெரிக்க ஐக்கிய நாடுகளின் முறையை விரிவாகவும், செர்மனியின் முறையை அதற்கு எதிர்நிறுத்தியும் இக்கட்டுரை ஆராய்கிறது. எத்தனை மெகாஹெர்ட்ஸ் ஒதுக்கப்பட்டது என்பதைவிட, உரிமம் எத்தனை சதுர கிலோமீட்டருக்கு வழங்கப்படுகிறது என்பதே யார் உள்ளே வரலாம் என்பதை முடிவு செய்கிறது என்பது இதன் கருத்து.

பொதுமக்களுக்குச் சேவை விற்கும் நோக்கமின்றி, ஒரு நிறுவனம் தன் சொந்தப் பயன்பாட்டுக்காகத் தன் வளாகத்தில் செல்பேசித் தொழில்நுட்பத்தைக் கொண்டு அமைத்துக்கொள்வதே தனியார் வலையமைப்பு. வை-ஃபை இருக்க இது எதற்கு என்னும் வினா இயல்பாக எழும். வை-ஃபை இயங்கும் 2.4, 5 கிகாஹெர்ட்ஸ் பட்டைகளுக்கு உரிமம் தேவையில்லை. ஆகவே அங்கு எவரும் எவரையும் விலக்க இயலாது. ஒவ்வொரு கருவியும் அனுப்புமுன் செவிமடுக்கும்; வழி வெறுமையாயின் அனுப்பும்; இல்லையேல் காத்திருக்கும். மின்னஞ்சலுக்கு அக்காத்திருப்பு ஒரு பொருட்டன்று. துறைமுகத்தில் கொள்கலன் தூக்கும் பாரந்தூக்கியைத் தொலைவிலிருந்து இயக்குபவருக்கு அது விபத்தாக முடியலாம். செல்பேசித் தொழில்நுட்பத்தில், எந்தக் கருவி எந்நொடியில் அனுப்ப வேண்டும் என்பதை அடித்தள நிலையமே வரையறுக்கிறது. அவ்வொழுங்கு முழுப்பயன் தருவதற்கு, பிறர் குறுக்கிடாத அலைக்கற்றை கைவசம் இருத்தல் வேண்டும். நெடுங்காலம் அதனைப் பெறுவதற்குப் பெரிய செல்பேசி நிறுவனங்களை நாடுவதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இருக்கவில்லை. அவற்றின் முதலீடோ வாடிக்கையாளர் செறிந்த இடங்களையே நாடும். மலையடிவாரச் சுரங்கத்தை நாடாது.

இங்கு இயற்பியலும் ஒரு துணை செய்கிறது. 3.5 கிகாஹெர்ட்ஸ் அலையின் நீளம் ஏறத்தாழ 8.6 சென்டிமீட்டர். 700 மெகாஹெர்ட்ஸ் அலையோடு ஒப்பிட்டால் அது சுவரில் விரைவாக வலுவிழக்கும், மரத்திலும் அவ்வாறே. நாடு முழுவதும் கோபுரம் நிறுவ வேண்டியவர்க்கு இது குறை. வளாகத்துக்குள் அடங்கி இருக்க விரும்புவோர்க்கோ இதுவே நிறை: அண்டை வளாகத்தார் அதே அலைக்கற்றையை மீண்டும் பயன்படுத்தலாம்.

அமெரிக்காவின் மூவடுக்கு முறை

அமெரிக்கக் கூட்டரசுத் தொடர்பாடல் ஆணையம் 2015 ஏப்ரலில் 3550 முதல் 3700 மெகாஹெர்ட்ஸ் வரையிலான 150 மெகாஹெர்ட்ஸைக் குடிமக்கள் அகலக்கற்றை வானொலிச் சேவை என்னும் பெயரில் திறந்துவிட்டது. அப்பட்டையில் அமெரிக்கக் கடற்படையின் கப்பல் ரேடார்கள் இயங்கி வந்தன. பழைய பயனரை வெளியேற்றி, வெறுமையான அலைக்கற்றையை ஏலமிடுவதே அதுவரை வழக்கம். குடியரசுத் தலைவரின் அறிவியல் தொழில்நுட்ப ஆலோசகர் குழு 2012இல் அளித்த அறிக்கை, வெளியேற்றுவதைவிடப் பகிர்வதே தக்கது என்று வாதிட்டது. அவ்வாதத்தின் விளைவே இச்சேவை.

இதில் முதலடுக்கில் கடற்படையும் செய்மதித் தரைநிலையங்களும் உள்ளன. அவர்களுக்கு எவரும் இடையூறு செய்தலாகாது. இரண்டாம் அடுக்கினர் ஏலத்தில் முன்னுரிமை உரிமம் பெற்றோர். மூன்றாம் அடுக்கு பொது அனுமதிக்குரியது. விதிகளுக்கு உட்பட்ட கருவி உடைய எவரும் உரிமக் கட்டணமின்றி நுழையலாம், ஆனால் மேலடுக்கினரிடமிருந்து பாதுகாப்புக் கோர முடியாது. ஒவ்வொரு அடித்தள நிலையமும் தன் இருப்பிடம், அலைவாங்கியின் உயரம் முதலிய விவரங்களை ஆணையத்தின் ஒப்புதல் பெற்ற கணினி முறைமை ஒன்றில் பதிவு செய்தல் வேண்டும். எந்த நிலையம் எந்த அலைவரிசையில் எவ்வளவு ஆற்றலுடன் இயங்கலாம் என்பதை அம்முறைமை கணக்கிட்டு ஆணையிடும். ஏரிப் பாசனத்தில் மடையைத் திறந்தடைக்கும் நீர்ப்பாய்ச்சியின் பணியை இங்குக் கணினி செய்கிறது எனலாம். ஒரு வேறுபாடு உண்டு: பாய்ந்த நீர் திரும்பாது, பயன்படாத அலைக்கற்றையோ அந்நொடியே வீணாகிறது. பதுக்கி வைத்து நாளை கூடுதலாகத் தருவதற்கு அதில் எதுவும் இல்லை.

கடற்படைக் கப்பல்கள் தாம் இருக்கும் இடத்தை அறிவிப்பதில்லை. ஆகவே கடற்கரை நெடுகிலும் உணரிகள் நிறுவப்பட்டன. உணரி ரேடாரைக் கண்டறிந்து தெரிவித்த 300 நொடிகளுக்குள், அப்பகுதியில் இடையூறு செய்யக்கூடிய நிலையங்கள் நிறுத்தப்பட்டன அல்லது வேறு அலைவரிசைக்கு மாற்றப்பட்டன என்பதைக் கணினி முறைமை உறுதி செய்தல் வேண்டும். ஆணை பெற்ற நிலையம் 60 நொடிகளுக்குள் கீழ்ப்படிதல் வேண்டும். இவ்வேற்பாட்டில் ஒரு முரண் உண்டு. உணரியின் செவி கூர்மையாக இருக்க அதைச் சுற்றி அமைதி தேவை. எனவே உணரிகளை அண்டிய பகுதிகளில் வலையமைப்புகள் தம் ஆற்றலைக் குறைத்துக்கொள்ளவேண்டியதாயிற்று. பகிர்வை இயலச்செய்யும் கருவியே சில இடங்களில் பகிர்வைச் சுருக்கியது.

பரப்பு பற்றிய வழக்கு

2015ஆம் ஆண்டின் விதிகளில் முன்னுரிமை உரிமத்தின் பரப்பு மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் சிறு வட்டம், காலம் மூன்றாண்டு. நாடு முழுவதும் 74,000 வட்டங்கள் இருந்தன. ஒரு வட்டத்தில் சில ஆயிரம் பேர் வாழ்வர்; ஒரு பெரிய தொழிற்சாலையோ மருத்துவமனையோ எட்டிப்பிடிக்கக்கூடிய அளவு அது. செல்பேசி நிறுவனங்கள் இதனை எதிர்த்தன. பல்லாயிரம் சிறு உரிமங்களை நிருவகிப்பது அரிது. எல்லைதோறும் குறுக்கீடு எழும். மூன்றாண்டுக்கு ஒருமுறை பறிபோகக்கூடிய உரிமத்தை நம்பி எவரும் முதலிடார் என்பவை அவர்தம் வாதங்கள். இவ்வாதங்களில் பொருள் இல்லை என்று ஒதுக்கிவிட முடியாது. மூன்றாண்டுக் காலம் உண்மையிலேயே குறுகியது. ஆனால் 2018 அக்டோபரில் ஆணையம் காலத்தை மட்டும் நீட்டவில்லை. புதுப்பிக்கத்தக்க பத்தாண்டு உரிமத்தோடு பரப்பையும் மாவட்டம் அளவுக்கு விரித்தது. இரண்டும் வெவ்வேறு வினாக்கள். ஒன்றுக்குரிய நியாயத்தைக் கொண்டு மற்றதும் நிறைவேறிவிட்டது.

மாவட்டம் என்பதன் அளவு சீரானதன்று. கலிபோர்னியாவின் சான் பெர்னார்டினோ மாவட்டம் 52,000 சதுர கிலோமீட்டர். இலங்கையின் பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு. அங்கு ஒரு பண்டகசாலைக்கு அலைக்கற்றை வேண்டுவோர், பாலைவனம் உட்பட முழு மாவட்டத்துக்கும் ஏலம் கேட்க வேண்டும்.

2020 ஜூலை, ஆகஸ்டு மாதங்களில் நடந்த ஏலத்தில் 20,625 உரிமங்கள் 228 பேருக்கு ஏறத்தாழ 458 கோடி டாலருக்கு விற்பனையாயின. மிகுதியாகச் செலவிட்டது வெரிசான் நிறுவனம். அதன் பங்கு மட்டும் ஏறத்தாழ 189 கோடி டாலர். உழவுக் கருவி செய்யும் டீர் நிறுவனமும், சதர்ன் கலிபோர்னியா எடிசன் என்னும் மின் நிறுவனமும் வென்றோர் பட்டியலில் உள்ளன. செல்பேசித் துறைக்கு வெளியே உள்ளோரும் வென்றனர் என்பதற்கு இவை சான்றாகக் காட்டப்படுவதுண்டு. எனினும் அவை மிகப் பெரிய நிறுவனங்கள் என்பதையும் அப்பட்டியல் காட்டுகிறது.

சிறியோர்க்கு எஞ்சியது மூன்றாம் அடுக்கு. ஒரு மாவட்டத்தில் ஏலமிடப்பட்டவை 10 மெகாஹெர்ட்ஸ் வீதம் ஏழு உரிமங்களே. ஆகவே 150இல் 80 மெகாஹெர்ட்ஸ் எங்கும் பொது அனுமதிக்கு உரியது. முன்னுரிமை உரிமம் பெற்றோர் பயன்படுத்தாத அலைவரிசைகளும் மூன்றாம் அடுக்குக்குத் திறந்தே இருக்கும். யூட்டா மாநிலத்தின் மர்ரி நகரப் பள்ளி நிருவாகம் வீட்டில் இணையமில்லாத மாணவர்க்காகத் தன் சொந்த வலையமைப்பை இச்சேவையில்தான் அமைத்தது. இவ்விதி ஏலத்தைவிடச் சிறந்த பயன் தந்தது என்று கூறுவது மிகையாகாது.

அதன் எதிர்காலம் உறுதியானதன்று. இச்சேவையில் வெளிப்புற நிலையமொன்றின் உச்ச ஆற்றல் 10 மெகாஹெர்ட்ஸுக்கு 50 வாட். பொதுச் செல்பேசிப் பட்டைகளில் அனுமதிக்கப்படுவதைவிட மிகக் குறைவு. அதனை உயர்த்தலாமா என்று ஆணையம் 2024 ஆகஸ்டில் கருத்துக் கேட்டது. ஆற்றல் உயர்ந்தால் ஒரு கோபுரம் பெரும்பரப்பை ஆளும். அப்பரப்புக்குள் தாழ்ந்த ஆற்றலுடன் இயங்கும் பள்ளியும் பண்டகசாலையும் இரைச்சலில் அமிழும். பரப்புக்கான வழக்கு ஆற்றலுக்கான வழக்காக உருமாறி மீண்டும் வந்துள்ளது எனலாம்.

செர்மனியின் சூத்திரம்

செர்மனியின் கூட்டரசு வலையமைப்பு முகமை வேறு வழி சென்றது. 3700 முதல் 3800 வரையிலான 100 மெகாஹெர்ட்ஸை ஏலத்துக்கு வெளியே நிறுத்தி, 2019 நவம்பர் 21 முதல் விண்ணப்பம் பெற்றது. நிலத்தின் உடைமையோ பயன்பாட்டு உரிமையோ உடையவர் அந்நிலத்தின் எல்லையளவுக்கே அலைக்கற்றை கேட்கலாம். கட்டணம் வெளிப்படையான சூத்திரம். அலைக்கற்றையின் மெகாஹெர்ட்ஸ் அளவை ஆண்டு எண்ணிக்கையாலும் ஐந்தாலும் பெருக்குக. அதனைப் பரப்பின் சதுர கிலோமீட்டரால் பெருக்குக. ஆயிரம் யூரோ கூட்டுக. குடியிருப்பும் போக்குவரத்தும் உள்ள நிலமாயின் பரப்பு ஆறு மடங்காகக் கொள்ளப்படும். ஒரு சதுர கிலோமீட்டர் தொழிற்சாலை 100 மெகாஹெர்ட்ஸைப் பத்தாண்டுக்குப் பெற 31,000 யூரோ. ஐந்து சதுர கிலோமீட்டர் விளைநிலத்துக்கு 20 மெகாஹெர்ட்ஸ் அதே காலத்துக்கு 6,000 யூரோ. 2024க்குள் 400க்கும் மேற்பட்ட ஒதுக்கீடுகள் வழங்கப்பட்டுவிட்டன.

செல்பேசி நிறுவனங்களின் குறை இங்கும் எழுந்தது. அதே ஆண்டில் 497 சுற்றுகள் நீண்ட ஏலம் ஏறத்தாழ 655 கோடி யூரோவில் முடிந்தபோது, 100 மெகாஹெர்ட்ஸை ஒதுக்கிவைத்ததே விலையை உயர்த்தியது என்றனர். செயற்கைப் பற்றாக்குறை விலையை உயர்த்தும் என்பது பொருளியலில் சரியே. ஆனால் அரங்கில் நின்ற நால்வருக்கு மட்டும் அது பற்றாக்குறை. வெளியே நின்ற நூற்றுக்கணக்கான ஆலைகளுக்கு அதுவே முதல் வாய்ப்பு.

பிரித்தானியாவின் ஆப்காம் முறை இதற்கு நெருங்கியது: 3.8 முதல் 4.2 கிகாஹெர்ட்ஸ் வரை, 50 மீட்டர் ஆரமுள்ள வட்டத்துக்குள் தாழ்ந்த ஆற்றலில் இயங்க, 10 மெகாஹெர்ட்ஸுக்கு ஆண்டுக்கு 80 பவுண்டு. செல்பேசி நிறுவனங்கள் பெற்றும் பயன்படுத்தாத அலைக்கற்றையை அவ்விடத்தில் பிறர் கேட்டுப் பெறவும் ஆப்காம் 2019இல் வழிசெய்தது. அதற்கான கட்டணம் 950 பவுண்டு. காலம் பொதுவாக மூன்றாண்டு.

இந்தியாவில் தொலைத்தொடர்புத் துறை 2022 ஜூன் 27ஆம் நாள் இத்தகைய வலையமைப்புகளுக்கு வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது. செல்பேசி நிறுவனத்திடம் அமைத்துத் தரக் கேட்கலாம். அதன் அலைக்கற்றையைக் குத்தகைக்குப் பெறலாம். நேரடியாக அரசிடமிருந்து பெறுவது தேவை பற்றிய ஆய்வுக்குப் பின் என்று வைக்கப்பட்டது. அதற்கு விண்ணப்பிப்போர் நூறு கோடி ரூபாய்க்கு மேல் நிகர மதிப்பு உடையவராக இருத்தல் வேண்டும். இவ்வெல்லை செர்மானியச் சூத்திரத்தின் நோக்கத்தையே தலைகீழாக்குகிறது. ஏலமின்றி அலைக்கற்றை தருவது 122 உரிம வழக்கின் தீர்ப்புக்கு முரணாகும் என்னும் வாதமும் வைக்கப்படுகிறது. ஏலம் ஒன்றே அரசியலமைப்புக்கு உகந்த வழி என்று கொள்ள வேண்டியதில்லை என உச்ச நீதிமன்றமே 2012 செப்டம்பரில், குடியரசுத் தலைவர் கேட்ட வினாவுக்கு விடையாகத் தெளிவுபடுத்திவிட்டது. 2023ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டம் ஏலத்தைப் பொதுவிதியாக்கி, விலக்குகளை அதன் முதல் அட்டவணையில் வரிசைப்படுத்துகிறது. அவ்வட்டவணையில் துறைமுகமும் சுரங்கமும் உண்டு. தொழிற்சாலையும் பள்ளியும் பெயர் குறிக்கப்படவில்லை.