கோலார் தங்கவயலின் சாலையோரம்

தறிச் சத்தம் கேட்டு வளர்ந்த காஞ்சிபுரத்துக்காரி நான். சரிகையின் வெள்ளி இழைக்குப் பொன் பூசுவதைப் பார்த்திருக்கிறேன். பொன்னைத் தோண்டிய ஊரைக் கோலார் தங்கவயலில்தான் பார்த்தேன்.

ராபர்ட்சன்பேட்டை கடைத்தெருவில் இன்றும் கூட்டம்தான். சுரங்கப் பக்கம் திரும்பியதும் நிலைமை வேறு. சாலையோரம் சாம்பல் நிறத்தில் குன்றுகள். பாறையை மாவாக அரைத்து, சயனைடு கரைசலில் தங்கத்தைப் பிரித்தபின் கொட்டிய மண் அது. மழை அரித்த வாய்க்கால்கள் உச்சியிலிருந்து அடிவரை ஓடுகின்றன. காற்றடித்தால் தூசி வீட்டுக்குள் வருகிறது.

1880 வாக்கில் ஜான் டெய்லர் கம்பெனி தொடங்கிய சுரங்க வேலை இது. 1902-லேயே சிவசமுத்திரம் நீர்மின் நிலையத்திலிருந்து மின்சாரம் வந்தது. சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே இறங்கியது. அங்கே, பாறையே கொதிக்கும் சூட்டில் இறங்கியவர்களில் பெரும்பாலோர் வடஆர்க்காட்டுப் பக்கத்துத் தலித் மக்கள். அவர்கள் அடிமைகளாக ஒடுங்கிவிடவில்லை. சாதியை மறுத்த அயோத்திதாசரின் தமிழ்ப் பௌத்தம் இங்கே வேரூன்றியது. இங்கிருந்த சித்தார்த்த புத்தகசாலை அவர் நூல்களை அச்சிட்டது. எனக்கு இந்த ஊரின் பெருமை தங்கத்தைவிட இதுதான்.

2001 பிப்ரவரி 28-ல் சுரங்கம் மூடப்பட்டது. துருப்பிடித்த இரும்புக் கோபுரங்களுக்கு எதிரே, தாழ்ந்த கூரை போட்ட தொழிலாளர் லைன் வீடுகளில் இன்னும் குடும்பங்கள் இருக்கின்றன. மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயில் பிடித்துப் பெங்களூருக்கு வேலைக்குப் போகிறார்கள். அந்த வீடுகளுக்குப் பட்டா வேண்டும், தூசிமேடுகளை மூடி மரம் வளர்க்க வேண்டும். இரண்டையும் இனியும் தள்ளிப்போடக் கூடாது.