கடமானுக்கு எந்தக் கேலிபர்?

"அண்ணே, அறுநூறு மீட்டர்ல கடமானை அடிக்கணும்னா எந்தக் கேலிபர் சரி? .300 வின்செஸ்டர் மேக்னம்தான் நல்லதுன்னு சொல்றாங்களே?"

கேட்டவன் தேசிய சேவையை முடித்துவிட்டு, ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்தில் இருக்கும் அக்கா வீட்டுக்குக் கிளம்புகிறவன். மச்சான் உரிமம் பெற்ற வேட்டைக்காரர். முறைப்படி அனுமதி வாங்கித் தம்பியையும் கூட்டிப்போகப் போகிறார். ஃபேரர் பார்க் ரயில் நிலையத்திலிருந்து பெருமாள் கோயில் பக்கம் போகும் வழியில், தே ஹாலியாவை முன்னால் வைத்துக்கொண்டு பேசினோம். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன்.

கேலிபர் என்பது குழல் துளையின் அகலம். .303 என்றால் அங்குலக் கணக்கு, 5.56 என்றால் மில்லிமீட்டர் கணக்கு. குண்டின் எடை, வேகம், வடிவம் எதையும் அந்த எண் சொல்லாது. .308 வின்செஸ்டரும் .300 வின்செஸ்டர் மேக்னமும் தள்ளுவது ஒரே விட்டமுள்ள குண்டைத்தான். மேக்னத்தின் உறை பெரியது, மருந்து அதிகம், அதனால் வேகமும் அதிகம்.

அந்த எண்ணையும் எல்லாக் காலத்திலும் வேட்டைக்காரன் தன் விருப்பப்படி தேர்ந்தெடுத்ததில்லை. நாங்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்குப் பக்கத்தில், ஃபேரர் பார்க் திடலில், 1942 பிப்ரவரி 17 அன்று சுமார் 45,000 இந்தியச் சிப்பாய்களை ஜப்பானியரிடம் ஒப்படைத்தார்கள். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் அவர்கள் ஏந்திப் போரிட்ட துப்பாக்கி .303 லீ-என்ஃபீல்டு. படை பயன்படுத்தும் தோட்டா குடிமக்கள் கைக்குப் போய்விடக் கூடாது என்று அதற்கு வெகுகாலம் முன்பிருந்தே பிரிட்டிஷ் இந்திய அரசு அஞ்சியது. மார்ட்டினி-ஹென்றி என்ற பழைய படைத் துப்பாக்கிக்கு .450 குண்டு பொருந்தும் என்பதற்காக, 1907-இல் .450 வேட்டைத் துப்பாக்கிகளின் இறக்குமதியையே நிறுத்தியது. யானைக்கும் காட்டெருமைக்கும் .450-ஐ நம்பியிருந்த துப்பாக்கிக் கம்பெனிகள் .465, .470, .475 என்று புதிய எண்களோடு வந்தன. விலங்கு மாறவில்லை, சட்டம்தான் மாறியது.

சேலம், தர்மபுரி மலைக்காடுகளில் ஆட்கொல்லிப் புலிகளைத் தேடி அலைந்த பெங்களூரு கென்னத் ஆண்டர்சனின் துப்பாக்கி .405 வின்செஸ்டர். 300 கிரெயின், அதாவது 19 கிராமுக்குமேல் எடையுள்ள மழுங்கிய குண்டு, நொடிக்கு ஏறக்குறைய 670 மீட்டர் வேகம். புதர் அசைந்ததும் நாலு எட்டில் பாய்ந்துவிடக்கூடிய புலிக்கு அது பொருத்தமான தேர்வு. நெடுந்தொலைவுக்கு அது ஆகாது. சீக்கிரமே வேகம் செத்துக் கீழே இறங்கிவிடும். தூரத்தை முதலில் தெரிந்துகொண்டு எண்ணைப் பிறகு பார்த்தவர் ஆண்டர்சன். என் தம்பி எண்ணைப் பிடித்துக்கொண்டு தூரத்தைத் தேடுகிறான்.

தூரம் கூடும்போது என்ன நடக்கிறது? குழலை விட்டு வெளியே வந்த நொடியிலிருந்து குண்டு விழுந்துகொண்டே போகிறது. இன்று நெடுந்தொலைவுச் சுடுநர்கள் கொண்டாடும் 6.5 கிரீட்மோர் குண்டு 300 மீட்டர் போவதற்குள் குழல் கோட்டிலிருந்து சுமார் முக்கால் மீட்டர் இறங்கும். 600 மீட்டரில் அந்த இறக்கம் இரண்டு மடங்காகாது. மூன்றரை மீட்டரை நெருங்கும். ஆனாலும் இறக்கத்தைக் கண்டு பயப்படத் தேவையில்லை. தூரமானி தூரத்தைச் சொல்லிவிடும், ஸ்கோப்பின் திருகை அதற்கேற்பத் திருப்பிக்கொள்ளலாம்.

பயப்பட வேண்டியது காற்றுக்கு. பக்கவாட்டில் மணிக்கு 16 கிலோமீட்டர் காற்று. இலை ஆடும், சின்னக் கிளை அசையும், அவ்வளவுதான். அந்தக் காற்றில் 600 மீட்டருக்குள் 6.5 குண்டு இரண்டு அடிக்குச் சற்று மேலேயே ஒதுங்கிவிடும், சாதாரண .308 குண்டு மூன்று அடிக்கும் மேல். மெலிந்து நீண்ட குண்டு காற்றைக் கிழித்துப் போவதால்தான் அந்த ஓரடி மிச்சம். கடமானின் இதயமும் நுரையீரலும் சேர்ந்த இடமோ ஒரு சாப்பாட்டுத் தட்டளவு. உன் முகத்தில் படும் காற்றும் பள்ளத்தைத் தாண்டி எதிர்ச்சரிவில் வீசும் காற்றும் ஒன்றாக இருக்காது. எந்தக் கருவியும் நடுவழிக் காற்றை உனக்கு முழுதாகச் சொல்லாது.

நேரமும் இருக்கிறது. 600 மீட்டரைக் கடக்கக் குண்டுக்கு ஏறக்குறைய ஒரு நொடி ஆகும். நீ விசையை இழுத்த பிறகு மான் ஓர் எட்டு வைத்தால் போதும், நெஞ்சுக்குக் குறிவைத்த குண்டு வயிற்றில் படும். வயிற்றில் அடிபட்ட கடமான் உடனே விழாது. காட்டுக்குள் ஓடி மணிக்கணக்கில் துடிக்கும். நீ பள்ளத்தில் இறங்கி மறுபக்கம் ஏறி அந்த இடத்துக்குப் போய்ச் சேரவே அரைமணி ஆகும்.

தம்பி 300 மீட்டரில் நன்றாகச் சுட்டவன்தான். தேசிய சேவையில் 5.56 எஸ்ஏஆர் 21 துப்பாக்கியைத் தாங்கி, படுத்த நிலையில், எழும்பும் உருவ அட்டையைத் தவறாமல் விழவைத்தவன். அட்டையின் ஓரத்தில் பட்டாலும் அட்டை விழும். மானுக்கு அப்படி இல்லை. சாய்ந்த சரிவில், மூச்சிரைக்க, முதுகுப்பையின்மேல் துப்பாக்கியைச் சாத்திக்கொண்டு, பத்துக்குப் பத்தும் அந்தத் தட்டுக்குள் எவ்வளவு தூரம் வரை போடுகிறாயோ, அதுதான் உன் தூரம். முதல்முறை போகிற எவருக்கும் அது 200 மீட்டரைத் தாண்டாது என்பது என் கணிப்பு.

.300 மேக்னத்தைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அது நல்ல தோட்டா. தொலைவிலும் போதிய வேகம் மிஞ்சும். வேட்டைக் குண்டு உள்ளே போய் விரிய நொடிக்கு 550 மீட்டர் வேகமாவது வேண்டும் என்று பல தயாரிப்பாளர்கள் சொல்கிறார்கள், அது கிடைக்கும். ஆனால் தோளில் விழும் உதை .308-ஐவிட ஒன்றரை மடங்கு. 5.56 பழகிய தோளுக்கு அது பெரிய அடி. நாலு தோட்டா சுட்டதும் அடுத்த வெடிக்கு முன்பே உடம்பு தானாகச் சுருங்கும், கண் மூடும். அந்தச் சுருக்கத்தை எந்தக் கேலிபராலும் ஈடுகட்ட முடியாது.

கடமான் 1860-களில் விக்டோரியாவில் இறக்கிவிடப்பட்ட ஆசிய மான். இந்தியாவில் வனவிலங்குச் சட்டப்படி இன்று அதைத் தொட முடியாது. இங்கே சிங்கப்பூரின் மண்டாய்க் காட்டில் திரிபவை, 1970-களில் விலங்குத் தோட்டத்திலிருந்து தப்பியவற்றின் வழித்தோன்றல்கள். அவற்றையும் தொடக் கூடாது. விக்டோரியாவில் வேட்டையாடலாம், ஆனால் அங்கும் சட்டம் எண்ணைக் கேட்கும். அம்மாநிலத்தின் 2012 விதிகள் கடமானுக்குக் குறைந்தபட்சம் .270 கேலிபரும் 130 கிரெயின் குண்டும் வேண்டும் என்றன. புகழ்பெற்ற 6.5 அந்தக் கோட்டுக்குள் வரவில்லை. இப்போது நடப்பில் உள்ள விதியை அங்குள்ள வேட்டைத்துறை அதிகாரிகளிடம் மச்சான் கேட்டு உறுதிசெய்துகொள்ள வேண்டும்.

என் தீர்ப்பு இதுதான்: .270 வின்செஸ்டர் அல்லது .308, இரண்டில் எது மச்சானிடம் இருக்கிறதோ அது. அறுநூறை மறந்துவிட்டு இருநூறுக்குள் நெருங்கிப் போ. நெருங்க முடியாவிட்டால் சுடாமல் திரும்பு.

திரும்பி வரும்போது பையையும் சட்டைப் பையையும் தலைகீழாகக் கொட்டிப் பார். ரேஞ்சை விட்டுக் கிளம்புமுன் "காலி உறைகூட என்னிடம் இல்லை" என்று உரக்கச் சொல்லிப் பழகியவன்தானே நீ? அனுமதி இல்லாமல் ஒரு காலித் தோட்டா உறையைச் சாங்கி வழியாகக் கொண்டுவருவதும் சிங்கப்பூரில் குற்றம்.