திரையில் பிளவுபடும் கப்பல்

திருகோணமலை உட்துறைமுகத்துள் ஒரு கப்பல் நுழைகின்றது. கரையில் நின்று அதனை ஒளிப்பதிவு செய்தவர், வீடு திரும்பிக் கணினியில் ஓடவிட்டுப் பார்க்கின்றார். உயர்ந்த கொடிமரம் நடுவே வெட்டுண்டதுபோலத் தோன்றுகின்றது. மேற்பாதி ஓரிடத்திலும், கீழ்ப்பாதி சற்று விலகி வேறோரிடத்திலும் நிற்கின்றன. மறுகணம் அவ்வெட்டு மறைந்து வேறோர் உயரத்தில் தலைகாட்டுகின்றது. கோணேசர் கோயில் அமைந்த சுவாமி மலை பிளப்பதில்லை. படக்கருவியைப் பக்கவாட்டில் திருப்பினால் மட்டும் அம்மலையும் பிளக்கும். ஆகவே, இக்குறை அசைவோடு சேர்ந்தது என்பது தெளிவு.

அசையும் படம் என்பது அசையாப் படங்களின் வரிசையேயாகும். சினிமாவில் செக்கனுக்கு 24 படங்களும், இலங்கைத் தொலைக்காட்சி முறையில் 25 படங்களும் ஓடுகின்றன. கணினித் திரைகளுட் பல, செக்கனுக்கு 60 முறை தம்மைப் புதுப்பிப்பவை. ஒவ்வொரு முறையும் திரையானது கணினியின் நினைவகத்திலுள்ள படத்தை மேலிருந்து கீழாக வரிவரியாகத் தீட்டுகின்றது. பாதி தீட்டிய வேளையில் நினைவகத்திற் புதிய படம் வந்து அமர்ந்துவிட்டால், மேற்பாதி பழைய படமாகவும் கீழ்ப்பாதி புதிய படமாகவும் அமையும். இரண்டுக்கும் இடையே கப்பல் நகர்ந்த தூரமே கொடிமரத்தின் வெட்டாகத் தெரிகின்றது.

சினிமாப் படக்கருவியில் இவ்விடர் இல்லை. ஒரு படம் அகன்று மறுபடம் வந்து நிலைகொள்ளும்வரை, சுழலும் தகடொன்று ஒளியை மறைத்துவிடுகின்றது. கணினிக்கும் இத்தகைய ஒழுங்கு வேண்டும். பாதை எனப்படும் மிதவை துறையில் அணைந்து நின்ற பின்னரே மக்கள் ஏறுவது வழக்கம். அதுபோலப் புதிய படமும், திரை தன் கடைசி வரியை முடித்து மீண்டும் மேலே தொடங்கும் இடைவேளையில் மட்டுமே மாற வேண்டும். வரைகலை அமைப்புகளில் 'வீ-சிங்க்' எனப்படும் தெரிவு இவ்வேலையைச் செய்கின்றது.

முதலில் அத்தெரிவை இயக்கிப் பார்த்தல் வேண்டும். பயனில்லையேல், வரைகலை அட்டைக்குரிய டிறைவரைப் புதுப்பித்து, படத்தை முழுத்திரையில் ஓட்டிப் பார்க்கலாம். வீடியோ ஓட்டும் மென்பொருளில் காட்சி வெளியீட்டு முறையை மாற்றுவதும் பலன் தரும். லினக்ஸ் கணினியில் 'கொம்போசிற்றர்' அணைந்திருப்பதே பல வேளைகளிற் காரணமாகும். அதனை இயக்கினால் வெட்டு நீங்கக்கூடும்.

வெட்டு நீங்கிய பின்னும் சிறு தயக்கம் எஞ்சலாம். 60 என்பது 25ஆல் மீதியின்றி வகுபடாமையால், சில படங்கள் இரு முறையும் சில மூன்று முறையும் காட்டப்படுகின்றன. திரை இடங்கொடுப்பின் அதனை 50க்கு மாற்றினால், ஒவ்வொரு படமும் சரியாக இரு முறை தோன்றும்.

இவற்றுக்கெல்லாம் முன்னர்ச் செய்யவேண்டிய சோதனை ஒன்று உண்டு. ஓடும் படத்தை நிறுத்திப் பார்க்க வேண்டும். நிறுத்தியதும் வெட்டு மறைந்தால் குறை காட்சியில் உள்ளது, பதிவில் இல்லை. நிறுத்திய பின்னும் அசைந்த பொருள்களின் ஓரம் சீப்பின் பற்கள்போலத் தெரிந்தால், அது வேறு வகை. பழைய ஒளிநாடாக்கள் ஒவ்வொரு படத்தையும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என இரு பாதிகளாக, செக்கனின் ஐம்பதிலொரு பங்கு இடைவெளியிற் பதிந்தவை. அவ்விரு பாதிகளும் ஒருங்கே காட்டப்படுவதால் பற்கள் தோன்றுகின்றன. வீ.எல்.சி. போன்ற மென்பொருள்களில் 'டீஇன்ரலேஸ்' என்னும் தெரிவை இயக்கினால் அவை பெரும்பாலும் மறையும்.

இவ்வேறுபாட்டை அறிவது சிறு காரியமன்று. 2009இல் கிண்ணியாப் பாலம் திறக்கப்படுவதற்கு முன் அவ்விடத்திற் பாதையே மக்களை ஏற்றியிறக்கியது. 2004 டிசெம்பர் 26ஆந் திகதி ஆழிப்பேரலை இம்மாவட்டக் கரையோரத்தில் வீடுகளையும் உயிர்களையும் கொண்டுசென்றது. அதற்கு முந்திய ஒரு திருமண ஒளிநாடா, இன்று இல்லாத ஒரு முற்றத்துக்கும் இன்று இல்லாத ஒரு முகத்துக்கும் எஞ்சிய சாட்சியாக இருக்கக்கூடும். திரையின் பிழையை நாடாவின் பிழையென்று எண்ணி அதனை எறிந்துவிடுதல் தகாது. பற்களோடு கூடிய படத்தை அவசரப்பட்டுச் சிறிதாக்கிச் சேமித்தால், இரு பாதிகளின் வரிகளும் ஒன்றோடொன்று கலந்துவிடும். பின்னர் அவற்றைப் பிரித்தெடுத்தல் அரிது. எனவே, நாடாவிலிருந்து எடுத்த முதற்பிரதியை மாற்றமின்றிக் காத்துக்கொண்டு, திருத்தங்களை ஓட்டும்போது மட்டும் செய்துகொள்வதே அறிவுடைமையாகும்.