ஐந்திணைக்கு ஒரே பணித்தளம்: மாணவர் குழுக்கள் சேர்ந்து விளையாட்டு மாட் உருவாக்க

கணினி விளையாட்டை விளையாட நம் மாணவர்களுக்கு யாரும் கற்றுத்தர வேண்டியதில்லை. அந்த விளையாட்டுக்குள் தாங்களே ஒரு கல்லையோ செடியையோ சேர்க்க முடியும் என்பதுதான் பலருக்குத் தெரிவதில்லை. இப்படி ஒரு விளையாட்டோடு புதிதாகச் சேர்க்கும் சிறு நிரல் தொகுப்பை ‘மாட்’ என்கிறார்கள்.

ஒருவர் ஒரு மாட் எழுதுவது எளிது. ஒரு வகுப்பே குழுக்களாகப் பிரிந்து, ஒன்றோடொன்று தொடர்புடைய ஐந்தாறு மாட்களை எழுதும்போதுதான் சிக்கல் தொடங்குகிறது. கண்காட்சிக்கு முந்தைய நாள் ஐந்து பென்டிரைவ்களிலிருந்து கோப்புகளை ஒரே கணினியில் சேர்க்கிறோம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு குழுவின் கோப்பில் ஒரு காற்புள்ளி விடுபட்டிருந்தாலும் விளையாட்டு தொடங்காது. ஐந்து குழுக்களின் உழைப்பும் அங்கே நின்றுவிடும். பழி யாராவது ஒரு குழந்தையின் மேல் விழும். இந்த நிலை வராமல் இருக்க, முதல் நாளே பொதுவான பணித்தளம் ஒன்றை அமைத்துவிட வேண்டும்.

லுவாண்டி பற்றிச் சில சொற்கள்

இதற்கு ஏற்ற இலவச மென்பொருள் லுவாண்டி. ஃபின்லாந்தைச் சேர்ந்த பெர்ட்டு அஹோலா 2010-இல் தொடங்கிய இத்திட்டம் முதலில் ‘மைன்டெஸ்ட்’ எனப்பட்டது. 2024-இல் பெயர் மாறியது. இது திறந்த மூல மென்பொருள். விண்டோஸ், லினக்ஸ் இரண்டிலும் இயங்கும். தேவையானவற்றை ஒருமுறை தரவிறக்கிவிட்டால் பிறகு இணையம் இல்லாமலே பயன்படுத்தலாம். லுவாண்டி என்பது இயந்திரம் மட்டுமே. அதில் ஓட ‘மைன்டெஸ்ட் கேம்’ போன்ற ஓர் அடிப்படை விளையாட்டையும் தரவிறக்கிக்கொள்ள வேண்டும். மாட்களை ‘லுவா’ என்னும் எளிய நிரல் மொழியில் எழுதுகிறோம்.

ஐந்து குழுக்கள், ஐந்து நிலங்கள்

ஒன்பது, பத்தாம் வகுப்பு மாணவர்களுக்கு ஏற்ற கருப்பொருள் ஐந்திணை. குறிஞ்சிக் குழு தினைக்கதிரையும் தேனையும், முல்லைக் குழு வரகையும், மருதக் குழு நெல்லையும், நெய்தல் குழு உப்பையும் மீனையும், பாலைக் குழு வற்றிய சுனையையும் விளையாட்டுப் பொருள்களாக உருவாக்கட்டும். தமிழாசிரியரும் கணினி ஆசிரியரும் சேர்ந்தே நடத்தலாம்.

கோப்புறை அமைப்பு

லுவாண்டியின் ‘மாட்ஸ்’ கோப்புறைக்குள் ‘ஐந்திணை’ என ஒரே ஒரு கோப்புறையை உருவாக்குங்கள். இதுதான் நம் பணித்தளம். அதற்குள் ‘மாட்பேக்.கான்ஃப்’ என்ற கோப்பு ஒன்று இருக்க வேண்டும். உள்ளே இருப்பவை ஒரே தொகுதியைச் சேர்ந்த மாட்கள் என்பதை அது லுவாண்டிக்குச் சொல்லும். பிறகு குழுவுக்கு ஒரு கோப்புறை.

ஒவ்வொரு குழுவின் கோப்புறையிலும் மூன்று வேண்டும். முதலாவது ‘மாட்.கான்ஃப்’: மாட்டின் பெயர், விளக்கம், அது எந்த மாட்களைச் சார்ந்தது என்பவை இதில் இருக்கும். இரண்டாவது ‘இனிட்.லுவா’: நிரல் இதில்தான். மூன்றாவது ‘டெக்ஸ்சர்ஸ்’ என்ற உட்கோப்புறை: 16 × 16 புள்ளி அளவுள்ள பி.என்.ஜி. படங்கள் இங்கே.

இங்கே தமிழில் எழுதியிருக்கும் கோப்பு, கோப்புறைப் பெயர்களைக் கணினியில் ஆங்கிலச் சிற்றெழுத்தில் தட்டச்சு செய்ய வேண்டும். ‘கான்ஃப்’ என்பது சி, ஓ, என், எஃப்; ‘இனிட்’ என்பது ஐ, என், ஐ, டி. மாட்டின் பெயரில் சிற்றெழுத்து, எண், அடிக்கோடு தவிர வேறு எதுவும் வரக்கூடாது, இடைவெளியும் கூடாது.

நோட்பேடில் சேமிக்கும்போது கோப்பின் பெயருக்குப் பின்னால் ‘டி.எக்ஸ்.டி.’ தானாக ஒட்டிக்கொள்ளும். விண்டோஸ் அதை மறைத்தும் வைக்கும். எனவே கோப்புகளின் பின்னொட்டு தெரியும்படி முதலிலேயே அமைத்துவிடுங்கள். விஷுவல் ஸ்டுடியோ கோட் போன்ற செயலியில் ‘ஐந்திணை’ கோப்புறையை முழுவதுமாகத் திறந்தால் எல்லா மாட்களும் இடப்பக்கம் ஒரே பட்டியலாகத் தெரியும்.

பெயரிடுவதில் ஒரு கட்டுப்பாடு

எல்லா மாட்களின் படங்களையும் லுவாண்டி ஒரே கூடையில் போட்டுக்கொள்கிறது. இரண்டு குழுக்கள் தங்கள் படத்துக்கு ‘பூ’ என்று பெயர் வைத்தால் ஒன்றின் இடத்தில் மற்றொன்று வந்துவிடும். எனவே ‘திணை_முல்லை_பூ’, ‘திணை_குறிஞ்சி_பூ’ என மாட்டின் பெயரை முன்னொட்டாகச் சேர்ப்பதை விதியாக வையுங்கள்.

பொது மாட்டும் சந்தை மாட்டும்

மண், கல் போன்றவை எல்லா நிலத்துக்கும் வேண்டும். ஐந்து குழுக்களும் தனித்தனியே அவற்றை எழுதினால் ஒரு திருத்தத்தை ஐந்து இடங்களில் செய்ய நேரும். அவற்றை ‘திணை_பொது’ என்ற ஆறாவது மாட்டில் வைத்துவிட்டு, மற்ற ஐந்தும் அதைச் சார்ந்தவை என்று ‘மாட்.கான்ஃப்’ கோப்பில் குறிப்பிடுங்கள். அப்போது லுவாண்டி பொது மாட்டை முதலில் ஏற்றிவிட்டுத்தான் மற்றவற்றை ஏற்றும். பொது மாட்டைத் திருத்தும் பொறுப்பு ஆசிரியரிடமோ ஒரு மாணவரிடமோ மட்டும் இருக்கட்டும்.

அடுத்த சிக்கல் இன்னும் சுவையானது. சங்க காலத்தில் உமணர்கள் உப்பைக் கொடுத்து நெல்லை வாங்கினார்கள். மாணவர்கள் இந்தப் பண்டமாற்றை விளையாட்டில் கொண்டுவர விரும்புவார்கள். நெய்தல் மாட் மருதத்தைச் சார்ந்தது என்று ஒரு குழுவும், மருத மாட் நெய்தலைச் சார்ந்தது என்று மற்றொரு குழுவும் எழுதினால் என்ன ஆகும்? எதை முதலில் ஏற்றுவது என்று தீர்மானிக்க வழியில்லாமல் லுவாண்டி நின்றுவிடும். தீர்வு: பண்டமாற்றுக்கென ‘திணை_சந்தை’ என்று ஏழாவது மாட். சந்தை இரு நிலங்களையும் சார்ந்திருக்கும். நிலங்கள் சந்தையைச் சாராது. கரும்பலகையில் ஏழு வட்டங்கள் வரைந்து, சார்பை அம்புக்குறியால் காட்டச் சொல்லுங்கள். எந்த அம்பும் சுற்றிவந்து தொடங்கிய இடத்தையே அடையக் கூடாது.

சோதனைக்குத் தனி உலகம்

லுவாண்டியில் ஒவ்வோர் ‘உலக’த்துக்கும் எந்த மாட்கள் வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். ஒவ்வொரு குழுவும் தன் கணினியில் சமதளமான சோதனை உலகம் ஒன்றை உருவாக்கி, பொது மாட்டையும் தன் மாட்டையும் மட்டும் இயக்கிப் பார்க்கட்டும். அதில் பிழையின்றி ஓடினால்தான் ஆசிரியர் கணினியிலுள்ள கூட்டு உலகத்தில் சேர்க்க வேண்டும். அங்கேயும் ஒரு நேரத்தில் ஒரு மாட்டை மட்டும் சேருங்கள். ஏதாவது நின்றுபோனால் கடைசியாகச் சேர்த்ததிலிருந்து தேடத் தொடங்கலாம். நிரலை மாற்றிய பிறகு உலகத்திலிருந்து வெளியேறி மீண்டும் நுழைந்தால்தான் மாற்றம் தெரியும்.

ஆசிரியர் கணினியில் கூட்டு உலகத்தை வழங்கியாக இயக்கினால், அதே வலையமைப்பிலுள்ள மற்றக் கணினிகளிலிருந்து எல்லோரும் அதில் நுழையலாம். மாட்கள் ஆசிரியர் கணினியில் மட்டும் இருந்தால் போதும்.

பிழைச்செய்தியைப் படிக்கப் பழக்குவோம்

பிழை வந்தால் எந்த மாட், எந்தக் கோப்பு, எத்தனையாவது வரி என்பது திரையிலேயே வரும். ‘டீபக்’ என்ற பதிவுக் கோப்பிலும் இருக்கும். “யார் கெடுத்தது?” என்ற கேள்விக்குப் பதிலாக “எந்த வரி?” என்று கேட்கும் பழக்கம் வகுப்பில் வரட்டும். மூடாத அடைப்புக்குறியின் விளைவு சில வரிகள் தள்ளித்தான் தெரியவரும். எனவே சொன்ன வரிக்குச் சற்று மேலேயும் பார்க்கச் சொல்லுங்கள். பொருள்களின் பெயரைத் தமிழில் காட்ட விரும்பினால், எழுத்துகள் சரியாகத் தெரிகின்றனவா என்று ஒரு சொல்லை மட்டும் வைத்து முதலில் சோதித்துக்கொள்ளுங்கள்.

வாரம் ஒரு நகல்

ஒவ்வொரு வாரமும் கடைசி ஆய்வகப் பாடவேளையில் ‘ஐந்திணை’ கோப்புறை முழுவதையும் சுருக்கி, ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் பெயரிட்டு வேறு இடத்தில் சேமியுங்கள். மேல்நிலை வகுப்புகளில் ‘கிட்’ மென்பொருளை அறிமுகப்படுத்தலாம். லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-இல் உருவாக்கிய இது, யார் எந்த வரியை எப்போது மாற்றினார் என்பதைப் பதிந்துவைக்கும். இதற்கும் இணையம் தேவையில்லை.

எங்கிருந்து தொடங்கலாம்?

ஏழு மாட்களையும் ஒரே நாளில் தொடங்க வேண்டாம். முதல் வாரம் பொது மாட்டில் ஒரு மண் கட்டி. அடுத்த வாரம் அதைச் சார்ந்து மருதத்தில் ஒரு நெற்கதிர். இந்த இரண்டும் சேர்ந்து ஓடினால் பணித்தளம் சரியாக இருக்கிறது என்று பொருள். மதிப்பிடும்போது விளையாட்டின் அழகை மட்டும் பார்க்காமல், ஒரு குழு எழுதியதை அடுத்த குழு படித்துப் புரிந்துகொள்ள முடிகிறதா என்பதற்கும் மதிப்பெண் கொடுங்கள். பெயரிலும் கோப்புறையிலும் ஒழுங்கு இருக்க வேண்டியது ஏன் என்பதை மாணவர்கள் அப்போது தாமாகவே உணர்வார்கள்.