சைலன்சர் கிளாம்ப்: அளவு மட்டும் கேட்டு விற்கலாமா?

வாகன உதிரிப்பாகக் கடைகளில் மிகச் சொற்ப இலாபம் தரும் சாமான்களில் சைலன்சர் குழாய்களைப் பொருத்தும் கிளாம்பும் ஒன்று. "நானா, ரெண்டு இஞ்சி கிளாம்ப் ஒண்டு தாங்க" என்று வாடிக்கையாளர் கேட்பார். கடைப் பையன் லாச்சியைத் திறந்து ஒன்றை எடுத்துக் கொடுப்பான். அத்துடன் வியாபாரம் முடிந்துவிடும். ஒரு மாதத்தில் அதே வாகனம் உறுமிக்கொண்டு திரும்பி வந்தால், பழி கராஜ்காரருக்கு அல்ல, சாமான் விற்ற நமக்கே வந்து சேரும்.

விடயம் சத்தத்தோடு மட்டும் நின்றுவிடுவதில்லை. இணைப்பில் கசியும் புகையில் காபன் மொனொக்சைட் இருக்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினுடன் அது ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் அதிகமாக ஒட்டிக்கொள்ளும். வேனை ஸ்டார்ட்டில் வைத்து, ஏசி போட்டு, கண்ணாடிகளை மூடிக்கொண்டு உறங்குபவர்கள் நம் நாட்டில் எத்தனை பேர்! தரிப்பில் நிற்கும் வாகனத்தின் அடியில் கசிவு இருந்தால் அந்த வாயு உள்ளே வர வழி தேடும். ஆகவே கிளாம்ப் விற்குமுன் மூன்று கேள்விகளைக் கேட்பது நமது கடமையாகும்.

1. இணைப்பு எப்படிப்பட்டது?

ஒரு குழாய்க்குள் மற்றக் குழாய் நுழைந்திருக்கிறதா, அல்லது ஒரே அளவான இரண்டு குழாய்கள் முனைக்கு முனை சந்திக்கின்றனவா என்பதே முதலில் அறிய வேண்டியது.

நுழைந்திருந்தால் யூ கிளாம்ப் போடலாம். இது குழாயை நசுக்கிப் பள்ளம் விழச் செய்தே பிடிக்கிறது. விலை குறைவு, பழைய வாகனத்துக்குப் போதுமானது. ஆனால் அடுத்த முறை சைலன்சரை மாற்றும்போது நசுங்கிய குழாய் இலகுவில் கழராது. வெட்டி ஒட்டும் செலவு கிளாம்பின் விலையைப் போலப் பல மடங்காகும். இதற்குப் பதிலாக, படி வைத்த அகலமான பேண்ட் கிளாம்ப் சுற்றிவர ஒரே சீராக இறுக்கும். குழாயும் நசுங்காது.

முனைக்கு முனை சந்திக்கும் குழாய்களுக்கு யூ கிளாம்ப் பயன்படாது. ஐரோப்பிய வாகனங்களில் வரும் ஸ்லீவ் கிளாம்பே வேண்டும்.

ஜப்பான் கார்கள் பலவற்றில் முன்குழாய் ஃபிளேன்ஜ், கேஸ்கட், ஸ்பிரிங் போல்ட் கொண்டு இணைக்கப்பட்டிருக்கும். அங்கே கசிந்தால் கேஸ்கட்டையும் போல்ட்டையும் விற்க வேண்டும், கிளாம்ப் அல்ல. டர்போ இஞ்சின்களில் காணப்படும் வீ பேண்ட், தனக்குரிய ஃபிளேன்ஜ் இருந்தால் மட்டுமே பிடிக்கும். தண்ணீர்க் குழாய்க்குப் போடும் ஹோஸ் கிளிப்பை யார் கேட்டாலும் சைலன்சருக்கென்று கொடுக்காதீர்கள்.

2. எங்கே அளந்தது?

இரண்டு அங்குலம் என்பது 50.8 மில்லிமீற்றர். அது உள்குழாயின் வெளி விட்டமாக இருந்தால், ஒன்றரை மில்லிமீற்றர் தடிப்புள்ள வெளிக்குழாய் அதன்மேல் ஏறியதும் ஏறத்தாழ 54 மில்லிமீற்றர் வந்துவிடும். யூ கிளாம்ப் உட்காருவது அந்த வெளிக்குழாயின் மேல்தான். பேண்ட் கிளாம்ப்களில் சில தயாரிப்பாளர்கள் உள்குழாயின் அளவையே பெட்டியில் குறிப்பிடுவர். எனவே பெட்டியை வாசித்துப் பார்த்துக் கொடுக்க வேண்டும்.

வேணியர் இல்லாதவர் கிளாம்ப் உட்காரும் இடத்தைச் சுற்றி ஒரு நூலைக் கட்டி, அதன் நீளத்தை 3.14 ஆல் வகுக்கட்டும். நூல் 160 மில்லிமீற்றர் என்றால் விட்டம் 51. ஒரு குழாய் மற்றதற்குள் ஒன்றரை முதல் இரண்டு அங்குலம் வரை நுழைந்திருப்பதும் அவசியம்.

3. வாகனம் எங்கே ஓடுகிறது?

காலி வீதியிலும், நீர்கொழும்பு, கல்முனை போன்ற கரையோர ஊர்களிலும் ஓடும் வாகனங்களில் உப்புக் காற்றினால் சாதாரண நாகப்பூச்சுக் கிளாம்ப் விரைவில் கறள் பிடிக்கும். அங்கே ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் சிபாரிசு செய்யலாம். அதிலும் வகைகள் உண்டு. 409 வகை மேலோட்டமாகக் கறள் காட்டும். 304 வகை அதைவிட நன்றாகத் தாங்கும். காந்தம் ஒட்டினால் ஸ்டெயின்லெஸ் இல்லை என்று சொல்பவர்கள் பலர். அது சரியல்ல. 409 காந்தத்தில் ஒட்டும்; ஆனாலும் அது ஸ்டெயின்லெஸ்தான். ஸ்டெயின்லெஸ் போல்ட்டும் நட்டும் ஒன்றோடொன்று இறுகிப் பிடித்துக்கொள்ளும் இயல்புடையன. எனவே புரியில் சிறிது அன்ரி-சீஸ் பூசச் சொல்லுங்கள்.

பொருத்துபவருக்குச் சொல்ல வேண்டியவை

இரண்டு நட்டுகளையும் மாறி மாறிச் சமமாக இறுக்க வேண்டும். இஞ்சினை ஓடவிட்டு, சூடாறிய பின் மீண்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். குளிர்ந்த இஞ்சினை ஸ்டார்ட் செய்தவுடன் இணைப்பில் சவர்க்கார நீர் தடவினால் கசிவுள்ள இடத்தில் குமிழி வரும். கறுப்புக் கரி படிந்திருப்பதும் கசிவின் அடையாளமே.

புதுக் கிளாம்பும் தளர்ந்தால் தொங்கு ரப்பர்களைப் பார்க்கச் சொல்லுங்கள். ரப்பர் அறுந்திருந்தால் சைலன்சரின் பாரம் முழுவதும் இணைப்பில் விழும். எந்தக் கிளாம்பும் அதைத் தாங்காது. ஒட்சிசன் சென்சருக்கு முன்னால் கசிவு இருந்தால் வெளிக்காற்று உட்புகுந்து சென்சரைக் குழப்பும். பெற்றோல் செலவும் கூடும். 2008 இல் ஆரம்பமான வாகனப் புகைப் பரிசோதனைக்குப் போகுமுன் இதையெல்லாம் சரிபார்ப்பது நல்லது.

வியாபாரச் சகோதரர்களே, யூ கிளாம்ப், பேண்ட், ஸ்லீவ் மூன்றையும் மில்லிமீற்றர் எழுதித் தனித்தனி லாச்சிகளில் வையுங்கள். கேஸ்கட், ஸ்பிரிங் போல்ட், தொங்கு ரப்பர் ஆகியனவும் பக்கத்தில் இருக்கட்டும். கேள்வி கேட்டு விற்பவரிடம் கிளாம்புக்கு வந்தவர் இவற்றையும் வாங்கிச் செல்வார். நாகப்பூச்சை ஸ்டெயின்லெஸ் என்று சொல்லி விற்றால் அன்றைக்கு நாலு காசு கூடக் கிடைக்கலாம். ஈரத் தானியத்தைக் குவியலின் அடியில் வைத்திருந்த வியாபாரியை நபி (ஸல்) அவர்கள் கண்டித்த சம்பவம் நாம் அறிந்ததே. எந்த வகைக் கிளாம்ப் என்பதைப் பில்லிலேயே எழுதிக் கொடுங்கள். வாங்குபவருக்கும் தெளிவு, விற்பவருக்கும் பரக்கத்.