"நினைக்காதே" என்றால் நினைவு போய்விடுமா?

துக்கம் வந்தால் நம்மில் பலர் என்ன செய்கிறோம்? அதை விழுங்கி விடுகிறோம்!

தாயார் இறந்திருப்பார். மகன் ஒரு சொட்டுக் கண்ணீர் விடமாட்டார். காரியம் முடிந்ததும் வேலைக்கு ஓடுவார். வீட்டில் யாராவது "அம்மா" என்று பேச்சு எடுத்தால், எழுந்து வெளியே போய்விடுவார். "நெஞ்சுறுதி உள்ளவர்" என்று ஊர் புகழும்.

அது உறுதிதானா?

வெள்ளைக் கரடி

அமெரிக்க மனோதத்துவ நிபுணர் டேனியல் வெக்னர், 1987-ம் ஆண்டு ஒரு சோதனையை வெளியிட்டார். அது வேடிக்கையான சோதனை.

மாணவர்களைத் தனித்தனியாக அறையில் உட்கார வைத்தார். மனதில் தோன்றுவதை எல்லாம் 5 நிமிடம் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். ஆனால், வெள்ளைக் கரடியை மட்டும் நினைக்கக் கூடாது! நினைத்தால் மணி அடிக்க வேண்டும்.

அடிக்கடி மணி அடித்தது! பிறகு, "இனி நினைக்கலாம்" என்று அனுமதி கிடைத்தது. அவ்வளவுதான். முதலிலேயே நினைக்க அனுமதி பெற்றிருந்தவர்களைவிட, அடக்கி வைத்திருந்தவர்களுக்குத்தான் கரடி அதிகமாக வந்தது!

கண்ணால் காணாத கரடிக்கே இந்தப் பாடு. பெற்ற தாயின் நினைவு அடங்குமா?

சிறிது நேரம் ஒத்திப் போடுவது தப்பு இல்லை. பஸ் ஓட்டும்போது டிரைவர் அழ முடியுமா? வண்டியை ஷெட்டில் விட்ட பிறகும் அழாமல் இருப்பதுதான் வம்பு.

4 நாள் எழுத்து

இன்னொரு அமெரிக்க நிபுணர் ஜேம்ஸ் பென்னிபேக்கர். இவரது சோதனை 1986-ல் வெளிவந்தது. மாணவர்கள் தினம் 15 நிமிடம் வீதம், 4 நாட்கள் எழுதினார்கள். சிலர் சாதாரண விஷயங்களை எழுதினார்கள். சிலர் தங்கள் வாழ்வில் பட்ட பெரும் துன்பத்தை எழுதினார்கள்.

துன்பத்தை எழுதியவர்களுக்கு, எழுதி முடித்ததும் துக்கம் கூடியது! ஆனால் அடுத்த 6 மாதங்களில், நடந்ததையும் பட்ட வேதனையையும் சேர்த்து எழுதியவர்கள் டாக்டரைத் தேடிப் போனது குறைந்தது.

நீங்களும் எழுதலாம். பிழை வந்தால் வரட்டும். யாரும் திருத்தப் போவது இல்லை. எழுத வராதா? மனைவியிடமோ, நண்பரிடமோ சொல்லுங்கள். கேட்பவர்கள் "அழாதே" என்று வாயை அடைக்க வேண்டாம். புத்திமதியும் வேண்டாம். பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் போதும்.

வாரக் கணக்கில் தூக்கம் இல்லை, சோறு இறங்கவில்லை என்றால் டாக்டரைப் பாருங்கள். 2022-ல் மத்திய அரசு தொடங்கிய "டெலி மானஸ்" சேவைக்கு 14416 என்ற எண்ணில் போன் செய்யலாம். இரவு பகல் எந்த நேரமும் பேசலாம். தமிழிலேயே பேசலாம். காசு கிடையாது.